வேர்டும் ரைட்டரும்: ஓர் அட்டவணைக்கு இரண்டு கையேடுகள்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில், சின்னாளப்பட்டிக்கு அருகே இருக்கிறது காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம். 1956இல் கிராமிய நிறுவனமாகத் தொடங்கி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. ஊரக வளர்ச்சி, கூட்டுறவு, விரிவாக்கக் கல்வி என்று அங்கே நடக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் கிராமத்துக்குள் வினாப்பட்டியலோடு போய், எண்ணிக்கையும் சதவீதமுமாகத் திரும்பி வருபவை. வயது வாரியாக, வருமானம் வாரியாக, நில உடைமை வாரியாக டேபிள் இல்லாத ஆய்வேட்டை அந்தத் துறைகளில் நினைத்துப் பார்க்க முடியாது.

திண்டுக்கல் நகரத்துக்குள் வந்தால் டிடிபி சென்டர்களுக்கு வரும் வேலையிலும் பாதி டேபிள்தான். கிராம சபைக்கு முன் வைக்கும் வரவு செலவு அறிக்கை, வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளின் வருகைப் பட்டியல், ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக் கணக்கு, பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியல் எல்லாம் கட்டம் போட்டுத்தான் வரும். அந்தக் கட்டங்களுக்கு ஒரே சொடுக்கில் கோடு, நிழல், தலைப்பு வரி, எழுத்து எல்லாவற்றையும் ஏற்றும் கருவி மைக்ரோசாஃப்ட் வேர்டிலும் இருக்கிறது, லிப்ரே ஆபிஸ் ரைட்டரிலும் இருக்கிறது. முன்னதில் அதன் பெயர் டேபிள் ஸ்டைல். பின்னதில் நெடுநாளாக ஆட்டோஃபார்மட். இரண்டு மென்பொருள்களில் எது மேல் என்ற பழைய சண்டைக்குள் நான் இறங்கவில்லை. இந்த ஒரு கருவியை இரண்டு தரப்பும் எப்படி எழுதி விளக்கியிருக்கின்றன, அந்த எழுத்து திண்டுக்கல்லில் டேபிள் அடிப்பவருக்கு எவ்வளவு பயன்படும் என்பதே என் கேள்வி.

தமிழ்நாட்டில் சொற்செயலியின் டேபிளைப் பற்றி மிக அதிகமானோர் படித்த தமிழ் விளக்கம் எதுவென்று கேட்டால், பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலைத்தான் சொல்ல வேண்டும். அதன் முதல் தொகுதியில் பல ஆண்டுகள் இருந்தது வேர்டு அல்ல, ஸ்டார் ஆபிஸ் ரைட்டர். டேபிளுக்கென்றே ஒரு தனிப் பாடமும் இருந்தது. ஸ்டார் ஆபிஸை உருவாக்கிய ஜெர்மன் நிறுவனத்தை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1999இல் வாங்கியது. அதன் மூலநிரல் திறந்துவிடப்பட்டு ஓபன் ஆபிஸ் ஆனது. சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குப் போன 2010ஆம் ஆண்டிலேயே தன்னார்வலர்கள் பிரிந்து வந்து லிப்ரே ஆபிஸைத் தொடங்கினார்கள். 2018இல் வந்த புதிய பாடத்திட்டத்தின் 11ஆம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் நூலிலும் சொற்செயலி என்றால் ஓபன் ஆபிஸ் ரைட்டர்தான். ஆக, நம் மாணவர்கள் ஏறக்குறைய ஒரே குடும்பத்து மென்பொருளைத் தலைமுறை தலைமுறையாகப் பாடத்தில் படித்திருக்கிறார்கள். பிறகு டிடிபி சென்டரில் வேலைக்குச் சேர்ந்ததும் திறப்பது வேர்டு.

பாடநூலின் முறை என்ன? எந்த மெனு, எந்தக் கட்டளை, எந்தப் பொத்தான். வரி சேர்ப்பது, நீக்குவது, அகலம் மாற்றுவது. தேர்வுக்கு அது போதும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அலுவலகத் தானியக்கச் சான்றிதழ்த் தேர்வுக்கு, அதாவது தட்டச்சுப் பயிலகங்களில் ‘சி.ஓ.ஏ.’ என்று சொல்லும் தேர்வுக்குத் தயார் செய்பவர்களும் இதே வழியில்தான் படிக்கிறார்கள். ஆனால் சொடுக்கியது நடக்காதபோது ஏன் நடக்கவில்லை என்று சொல்லும் ஒரு பத்தி இந்த எழுத்தில் கிடைக்காது. டேபிளை அழகுபடுத்தும் கருவியில் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

விதியும் மாதிரியும்

வேர்டின் டேபிள் ஸ்டைல் ஒரு விதித்தொகுப்பு. வேர்டு 97இல் அது வெறும் ஆட்டோஃபார்மட். சொடுக்கினால் கோடும் நிழலும் வந்து உட்காரும், அவ்வளவே. வேர்டு 2002இல் அது உண்மையான ஸ்டைல் ஆனது. 2007இல் ரிப்பன் வந்தபோது டேபிளுக்குள் கர்சர் வைத்தால் தெரியும் டிசைன் தாவலுக்கு இடம் மாறியது. அங்கே ஆறு டிக் பெட்டிகள்: ஹெடர் ரோ, டோட்டல் ரோ, பேண்டட் ரோஸ், ஃபர்ஸ்ட் காலம், லாஸ்ட் காலம், பேண்டட் காலம்ஸ். புதிய ஸ்டைல் உருவாக்கும் சாளரத்துக்குள் போனால், வடிவத்தை எதற்குப் பொருத்துவது என்று 13 பகுதிகள் கொண்ட பட்டியல் வரும். முழு டேபிள், முதல் வரி, கடைசி வரி, முதல் காலம், கடைசிக் காலம், ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள், அதேபோல் காலங்கள், பிறகு நான்கு மூலைக் கட்டங்கள். பத்து வரி டேபிளின் நடுவே பதினோராவது வரியைச் செருகினால் நிழல்பட்டைகள் தாமே மாறி அமைவது, அவை விதியாக எழுதப்பட்டிருப்பதால்தான்.

ரைட்டரின் வழி வேறு. அதன் ஆட்டோஃபார்மட்டுக்கு அடிப்படை ஒரு மாதிரி டேபிள்: நான்குக்கு நான்கு, மொத்தம் 16 கட்டங்கள். முதல் வரி, நடுவில் மாறி மாறி வரும் இரு வரிகள், கடைசி வரி, காலங்களும் அப்படியே. லிப்ரே ஆபிஸின் விரிதாள் மென்பொருளான கால்க்கின் உதவிக் குறிப்பு, சொந்த வடிவம் சேர்க்கக் குறைந்தது நான்குக்கு நான்கு கட்டம் வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்கிறது. உருவாக்கும் முறையும் அதற்கேற்ப எளிது. ஒரு டேபிளைக் கையால் விருப்பப்படி அழகுபடுத்துங்கள், ஆட்டோஃபார்மட் சாளரத்தைத் திறந்து ‘ஆட்’ அழுத்துங்கள், பெயர் கொடுங்கள். ரைட்டரின் உதவிப் பக்கம் இதை நான்கு படிகளில் முடித்துவிடுகிறது, முடிக்கவும் முடிகிறது. சாளரத்துக்குள் 13 பகுதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேர்ந்து நிரப்பும் வேர்டின் முறையை நான்கு படியில் யாராலும் எழுத முடியாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவி எளிதாக இருப்பதால் கையேடும் எளிதாகிறது. கருவி வலுவாக இருப்பதால் கையேடு கனக்கிறது. வேர்டு தரப்பு இந்தக் கனத்தைச் சமாளிக்க அதை இரண்டாகப் பிரித்துவிட்டது. பொதுமக்களுக்கான உதவிப் பக்கத்தில் எப்படித் தேர்வு செய்வது, எந்தப் பெட்டியில் டிக் போடுவது என்பது மட்டும். உண்மையான விளக்கம் திறந்த எக்ஸ்எம்எல் தரநூலுக்குள் போய்விட்டது. எக்மா-376 என்ற பெயரில் 2006இல் வெளிவந்து, 2008இல் ஐஎஸ்ஓ 29500 ஆன அந்தத் தரநூலின் முதல் பதிப்பு ஏறக்குறைய 6,000 பக்கம். முழு டேபிளுக்கான விதி முதலில், அதன்மேல் காலப்பட்டைகள், அதன்மேல் வரிப்பட்டைகள், பிறகு முதல் வரியும் கடைசி வரியும், பிறகு முதல் காலமும் கடைசிக் காலமும், எல்லாவற்றுக்கும் மேல் மூலைக் கட்டம் என்ற வரிசை அங்கே தெளிவாக இருக்கிறது. ‘மொத்தம்’ என்ற வரியில் முதல் கட்டத்துக்கு மட்டும் ஏன் வேறு நிறம் வந்தது என்பதற்கு விடை அந்த வரிசைதான். டிடிபி சென்டரில் இருப்பவர் 6,000 பக்கத்தைப் புரட்டப் போவதில்லை. கோபத்தில் அந்தக் கட்டத்தைத் தனியாகத் தேர்ந்து வெள்ளை அடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையே செய்வேன்.

எழுத்துரு யார் பேச்சைக் கேட்கும்?

இரண்டு கையேடுகளையும் உரசிப் பார்க்கச் சரியான இடம் எழுத்துரு. ஆய்வேடு அடிப்பவர் முதலில் செய்யும் வேலை என்ன? நார்மல் ஸ்டைலைத் திறந்து, பல்கலைக்கழகம் கேட்கும் எழுத்துருவையும் அளவையும் வைப்பது. பிறகு டேபிள் ஸ்டைல் ஒன்றைத் தயாரித்து, அதற்குள் எழுத்தளவு 10 என்று கொடுப்பது. டேபிளுக்கு அந்த ஸ்டைலைப் பொருத்தினால் கோடு வரும், நிழல் வரும், எழுத்து மட்டும் நார்மலில் வைத்த அளவிலேயே நிற்கும். கணினி கெட்டுப்போகவில்லை. வேர்டில் ஆவணத்தின் அடிப்படை அமைப்பு கீழே, அதற்கு மேல் டேபிள் ஸ்டைல், அதற்கும் மேல் பத்தி ஸ்டைல், உச்சியில் கையால் நேரடியாகச் செய்த மாற்றம். நார்மல் என்பது பத்தி ஸ்டைல். அதில் அளவை வெளிப்படையாக எழுதிவிட்டால் டேபிள் ஸ்டைலின் அளவு அதற்குக் கீழே அமுங்கிவிடும்.

இதற்குத் தீர்வும் வேர்டுக்குள்ளேயே இருக்கிறது. நார்மலைத் தொடாமல், மேனேஜ் ஸ்டைல்ஸ் சாளரத்தின் செட் டிஃபால்ட்ஸ் தாவலில் எழுத்துருவையும் அளவையும் வைத்தால் அது அடிப்படை அமைப்புக்குப் போய்ச் சேரும். டேபிள் ஸ்டைல் அதை வெல்லும். கொஞ்சம் பழகியவர்களுக்குக்கூட இந்தத் தாவல் இருப்பது தெரியாது. டேபிள் ஸ்டைலை விளக்கும் பக்கத்திலேயே இது இருந்தால் எத்தனையோ பேர் ஒவ்வொரு டேபிளையும் தேர்ந்து தேர்ந்து அளவு குறைக்கும் வேலை மிச்சமாகும்.

ரைட்டரில் அதிகாரம் தலைகீழ். டேபிள் செருகியதும் அதன் கட்டங்களுக்கு டேபிள் கன்டென்ட்ஸ், தலைப்பு வரிக்கு டேபிள் ஹெடிங் என்ற பத்தி ஸ்டைல்கள் தாமே பொருந்திவிடுகின்றன. அவற்றைத் திருத்தினால் ஆவணத்திலுள்ள அத்தனை டேபிளிலும் எழுத்து மாறும். ஆனால் ஆட்டோஃபார்மட் சாளரத்தில் எழுத்துருப் பெட்டியில் டிக் இருந்துவிட்டால், அந்த வடிவத்தோடு வரும் எழுத்துரு நேரடி மாற்றமாகக் கட்டத்துக்குள் இறங்கி, பத்தி ஸ்டைலை மூடிவிடும். வேர்டில் பத்தி ஸ்டைல் டேபிள் ஸ்டைலை அமுக்குகிறது. ரைட்டரில் ஆட்டோஃபார்மட் பத்தி ஸ்டைலை அமுக்குகிறது. ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் சரியாக நேர் எதிரான இடத்தில் தடுக்கி விழுவார். ரைட்டருக்கு மாறுகிறவர் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: அந்த டிக்கை எடுத்துவிட்டு, எழுத்தை டேபிள் கன்டென்ட்ஸ் வழியாக ஆளுங்கள். லிப்ரே ஆபிஸின் உதவிப் பக்கம் எண் வடிவம், எழுத்துரு, ஒழுங்கு, கோடு, பின்னணி ஆகியவற்றில் எது சேர வேண்டுமோ அதற்கு மட்டும் டிக் போடலாம் என்று சொல்கிறது. டிக் இருந்தால் பத்தி ஸ்டைலின் கதி என்ன என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருக்கலாம். இரண்டு தரப்பிலும் ஓட்டை ஒரே இடத்தில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கையேடு எழுதுகிறவர் கருவியின் உள்ளே இருந்து பார்க்கிறார். அடிப்பவர் வெளியே நிற்கிறார்.

தமிழில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு மடிப்பும் உண்டு. இரண்டு மென்பொருள்களுமே ஒரு ஸ்டைலுக்குள் எழுத்துருவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடம் வைத்திருக்கின்றன. லத்தீன் எழுத்துக்கு ஒன்று, தமிழ், இந்தி, அரபு போன்றவற்றுக்கு வேறொன்று. அளவும் தடிப்பும்கூடத் தனித்தனி. யூனிகோடு தமிழ் இரண்டாவது இடத்தைப் பார்க்கும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ், கணினியின் கண்ணுக்கு ஆங்கில எழுத்துதான். அது முதல் இடத்தைப் பார்க்கும். 2010இல் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்ற பிறகும் பழைய கோப்புகள் சாகவில்லை. பழைய ஊராட்சி அறிக்கை ஒன்றின் டேபிளை எடுத்து, புதிதாக யூனிகோடில் நான்கு வரி சேர்த்தால், ஒரே டேபிள் ஸ்டைலின் கீழ் இரண்டு தமிழ் இரண்டு அளவில் நிற்கும். அதைச் சரிசெய்யத் தேவையான இரண்டாவது எழுத்துரு இடம் வேர்டின் ஃபான்ட் சாளரத்தில் காம்ப்ளெக்ஸ் ஸ்க்ரிப்ட்ஸ் என்ற பெயரிலும், ரைட்டரில் சிடிஎல் என்ற பெயரிலும் இருக்கிறது. அதற்குரிய மொழி இயக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பகுதி கண்ணுக்கே தெரியாது. ஆங்கிலத்தில் எழுதப்படும் கையேட்டில் இதெல்லாம் ஓர் அடிக்குறிப்பு. தமிழில் எழுதப்படும் கையேட்டில் முதல் அத்தியாயம்.

உயரத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். வேர்டில் வரி உயரத்தை ‘எக்ஸாக்ட்லி’ என்று வைத்தால் ஆங்கில எழுத்து தப்பித்துவிடும். தமிழ்க் கொம்பும் சுழியும் வெட்டுப்படும். ‘அட் லீஸ்ட்’ என்று வையுங்கள். ரைட்டரில் இதற்கு இணையானது ‘ஃபிட் டு சைஸ்’ என்ற டிக் பெட்டி.

தலைப்பு வரி விஷயத்தில் ரைட்டர் கொஞ்சம் நேர்மையாக நடந்துகொள்கிறது. டேபிள் செருகும் சாளரத்திலேயே, அடுத்த பக்கத்துக்குப் போனால் தலைப்பு வரி திரும்ப வர வேண்டுமா என்று கேட்டுவிடுகிறது. வேர்டில் டிசைன் தாவலில் ஹெடர் ரோ என்று ஒரு டிக், லேஅவுட் தாவலில் ரிபீட் ஹெடர் ரோஸ் என்று ஒரு பொத்தான். முன்னது தோற்றத்துக்கு, பின்னது பக்கம் தாண்டுவதற்கு. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் முன்னதைப் போட்டாலே போதும் என்று நம்பி, மூன்று பக்க டேபிளின் இரண்டாவது பக்கத்தில் தலைப்பில்லாமல் அச்செடுத்தவர்கள் ஏராளம். ஆய்வேடு பைண்டிங் முடிந்து வந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது பெரும் வேதனை.

கோப்பு கை மாறும்போது

மாணவரின் லேப்டாப்பில் ஒன்று, நெறியாளரின் அறையில் ஒன்று, அச்சுக் கடையில் இன்னொன்று என்று ஆய்வேடு சுற்றும். வேர்டில் செய்த கோப்பை ரைட்டரில் திறந்தால் டேபிள் ஏறக்குறைய அதே தோற்றத்தில் தெரியும். உள்ளே நடந்திருப்பது வேறு: வேர்டின் விதிகள் ஒவ்வொரு கட்டத்திலும் நேரடிக் கோடாகவும் நிழலாகவும் இறக்கி வைக்கப்பட்டிருக்கும். அங்கே ஒரு வரி சேர்த்துத் திருப்பி அனுப்பினால் பட்டைகள் ஒழுங்கு தவறலாம். எதிர்த்திசையிலும் இழப்பு உண்டு. ஓபன் ஆபிஸ் காலத்து ஆட்டோஃபார்மட், ஆவணத்தோடு பயணம் செய்வதில்லை; உருவாக்கியவரின் கணினியில் அவருடைய அமைப்புக் கோப்புக்குள்ளேயே தங்கிவிடும். 2017இல் வந்த லிப்ரே ஆபிஸ் 5.3 டேபிள் ஸ்டைல்களைப் பக்கப்பட்டைக்குக் கொண்டுவந்து இதைச் சீர்செய்யத் தொடங்கியது. ஆனாலும் வேர்டின் டேபிள் ஸ்டைல் அளவுக்கு அது இன்னும் முதிரவில்லை என்பதே என் கணிப்பு.

கருவிக்கு மதிப்பெண் போட்டால் வேர்டுக்குத்தான் கூடுதல். கையேட்டுக்குப் போட்டால் கணக்கு மாறுகிறது. மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கத்தை வாசகர் படிக்கலாம், கருத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். லிப்ரே ஆபிஸின் ரைட்டர் வழிகாட்டி தன்னார்வலர்கள் எழுதுவது. டேபிளுக்குத் தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. ஜிபிஎல் அல்லது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வருவதால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் அதை எடுத்துத் தமிழில் திருத்தி எழுதி, அச்சிட்டு, விற்கக்கூடச் செய்யலாம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம் ரைட்டர் பாடங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்திருப்பதும் இந்தத் திறந்த மனப்பான்மையின் தொடர்ச்சிதான். உள்ளடக்கத்தில் குறை இருந்தாலும் திருத்தக்கூடிய கையேடு, நிறைவாக இருந்தும் தொட முடியாத கையேட்டைவிட நம் ஊருக்கு நல்லது.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. டேபிள் அதிகமுள்ள ஆய்வேட்டை வேர்டிலேயே அடியுங்கள். நார்மலை விட்டுவிட்டு செட் டிஃபால்ட்ஸில் தொடங்குங்கள். தமிழில் கையேடு எழுத விரும்புகிறவர் லிப்ரே ஆபிஸ் வழிகாட்டியை அடித்தளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பொத்தான் படங்களைக் குறைத்து, எது எதை வெல்லும் என்ற வரிசையையும், தமிழ் எழுத்துருவின் இரண்டு இடங்களையும், கோப்பு கை மாறும்போது எது தங்கும் எது உதிரும் என்பதையும் முதல் பக்கங்களில் வையுங்கள். எடுத்துக்காட்டுக்கு அமெரிக்கக் கம்பெனியின் காலாண்டு விற்பனை வேண்டாம். ஒட்டன்சத்திரம் மண்டியின் காய்கறி வரத்துப் பட்டியலோ, ஒரு கிராம சபையின் வரவு செலவோ போதும்.

காந்திகிராமத்தில் கணினித் துறையும் இருக்கிறது, விரிவாக்கத் துறையும் இருக்கிறது. டேபிள் நிறைந்த ஆய்வேடுகள் ஆண்டுதோறும் அங்கேயே உருவாகின்றன. முதுநிலை மாணவர் இருவர் ஒரு பருவத் திட்டப்பணியாக எடுத்துக்கொண்டால் முப்பது பக்கக் கையேடு ஒன்று வந்துவிடும். அதை ஊரிலுள்ள தட்டச்சுப் பயிலகங்களுக்கும் டிடிபி சென்டர்களுக்கும் கொடுங்கள். அங்கே வேலை செய்பவர்கள் அடிக்கோடிட்டுத் திருப்பித் தரும் திருத்தங்களோடு இரண்டாம் பதிப்பு போடுங்கள்.